பலகையில் ஓர் எண்

ஞாயிற்றுக்கிழமை மாலை. லிட்டில் இந்தியாவில் கூட்டம் அலைமோதுகிறது. தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையுடன் வரும் மூதாட்டி ஒருவர், சிராங்கூன் சாலையைக் கடக்கக் காத்திருக்கிறார். பேருந்துகளும் டாக்சிகளும் அவரைக் கடந்து செல்கின்றன. அவர் பாதுகாப்பாக மறுபக்கம் சேர்வது, சாலையோரப் பலகையில் உள்ள ஓர் எண்ணையும் பொறுத்தது. அதுவே வேகவரம்பு.

சிங்கப்பூரில் வேறு வேகவரம்புப் பலகை இல்லாத சாலைகளில், கார்கள் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது. பல விரைவுச்சாலைகளிலோ வரம்பு 80 அல்லது 90 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் யாரும் நடந்து செல்வதில்லை. குடியிருப்புப் பகுதிகளிலோ சிறுவர்களும் முதியோரும் சாலையைக் கடக்கிறார்கள். ஆகவே, சாலையை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கொண்டே வரம்பு முடிவு செய்யப்படுகிறது.

வேகத்தைச் சற்றுக் குறைப்பதால் என்ன பயன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆபத்தைக் காணும் ஓட்டுநர் பிரேக்கை அழுத்த ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடும். பிறகு, ஈரமில்லாத சாலையில் சுமார் 5 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரோ அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது, முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் தாண்டும்போது, அதன் ஓட்டுநர் இன்னும் பிரேக்கை அழுத்தியிருக்கவே மாட்டார்!

இதனால்தான், 2020ஆம் ஆண்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகள், பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டர் வரம்பை வலியுறுத்தின.

சிங்கப்பூரிலும் வரம்புகள் காலத்திற்கேற்ப மாறிவருகின்றன. பள்ளிகளுக்கு அருகே, மாணவர்கள் வந்துபோகும் நேரத்தில் விளக்குகள் மின்னினால் 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என்னும் முறை கொண்டுவரப்பட்டது. 2014 முதல் நிலப் போக்குவரத்து ஆணையம், முதியோர் அதிகம் வாழும் பகுதிகளில் ‘சில்வர் ஸோன்’ என்னும் பாதுகாப்பு வட்டாரங்களை அமைத்துவருகிறது. முதியோர் சிக்கிய விபத்துகளின் எண்ணிக்கையும் இடத்தேர்வில் கருதப்படுகிறது. இயன்ற இடங்களில் வரம்பு 40 அல்லது 30 ஆகக் குறைக்கப்படுகிறது.

ஆனால், பலகையை மாற்றினால் மட்டும் போதுமா? அகன்ற, நேரான சாலை ஓட்டுநரை விரைந்து செல்லத் தூண்டும். ஆகவே, சில்வர் ஸோன்களில் சாலை குறுகலாக்கப்படுகிறது. இலேசான வளைவுகளும் வேகத்தடைகளும் அமைக்கப்படுகின்றன. சாலையின் நடுவே நின்று இளைப்பாறி, இரண்டு கட்டமாகக் கடக்கவும் முதியோருக்கு இடமுண்டு. பலகை சொல்வதையே சாலையும் சொல்லும்போது, ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்கை நாடும்.

வேகம் குறைந்தால் பயண நேரம் கூடாதா? கூடும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 50 கிலோமீட்டர் வேகத்தில் 72 விநாடியும், 30 கிலோமீட்டர் வேகத்தில் 120 விநாடியும் ஆகும். வேறுபாடு 48 விநாடி. காய்கறிப் பையுடன் காத்திருக்கும் அந்த மூதாட்டி, நிதானமாகச் சாலையைக் கடக்க அந்த நேரம் தாராளமாகப் போதும்.