320 என்று போட்டிருந்தால் 320 ஆகிவிடுமா?

ஒரு பாட்டில் வரும் புல்லாங்குழல் பிடித்துவிட்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. வாசித்தவர் யார், வேறு எந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார் என்று தேடிக்கொண்டே போவேன். கிடைத்ததை இறக்கி வைத்தால்தான் தூக்கம் வரும். இந்தப் பழக்கத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனம்தான் இந்தக் குறிப்புக்குக் காரணம்.

என்னிடமிருந்த சிடிகளிலிருந்து நானே 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றி வைத்திருந்த பாட்டுகள் நிறைய இருந்தன. அதே ஆல்பங்கள் ஒரு தளத்தில் '320 கேபிபிஎஸ்' என்று இலவசமாகக் கிடைத்தன. பெரிய எண் ஆச்சே! எல்லாவற்றையும் இறக்கினேன். ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை என்று பழசை அழித்தேன். சிடிகள் ஏற்கெனவே வீடு மாறும்போது போய்விட்டன. பிறகு ஒருநாள் நல்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டால், சலங்கைச் சத்தம் தண்ணிக்குள்ளேயிருந்து வர்ற மாதிரி இருக்கு!

என்ன நடந்தது? கேபிபிஎஸ் என்பது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்ற கணக்கு. சிடியில் அது 1,411. ஐந்து நிமிடப் பாட்டு என்றால் சுமார் 53 எம்பி. 320இல் அதே பாட்டு 12 எம்பி, 128இல் 5 எம்பிகூட இல்லை.

இவ்வளவு சுருங்குவது எப்படி? பக்கத்தில் தவில் முழங்கும்போது நாம் கிசுகிசுப்பது யாருக்கும் கேட்காது இல்லையா? காதின் இந்தக் குணத்தை எம்பி3 பயன்படுத்திக்கொள்கிறது. பெரிய ஓசைக்குப் பின்னால் மறைந்துபோகும் சின்ன ஓசைகளை அது கரடுமுரடாகப் பதிகிறது, அல்லது தூக்கியே எறிகிறது. 128இல் பிட்டுகள் போதாது என்பதால் கேட்கக்கூடிய விஷயங்களிலும் கை வைக்கிறது. ஜால்ரா, சலங்கை, கைதட்டல் போன்றவைதான் முதலில் அடிவாங்கும்.

எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. 128 கோப்பை யாராவது மறுபடி 320 ஆக மாற்றினால் கோப்பு பெருக்கும், இசை பெருக்காது. பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதை வைத்து பிளக்ஸ் அடித்த கதைதான். நான் இறக்கியது அந்த மாதிரி பிளக்ஸ். அழித்ததுதான் அசலுக்குப் பக்கத்தில் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் பாட்டைப் போட்டால், நேரம் கிடைமட்டமாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் ஒரு வண்ணப் படம் வரும். நிஜமான 320இல் வண்ணம் பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும். 128இலிருந்து வந்தது என்றால் 16,000 பக்கத்தில் கத்தியால் வெட்டினதுபோல நிற்கும்.

"நாற்பது வயசுக்கு மேலே 16,000 ஹெர்ட்ஸ் யாருக்குங்க கேட்குது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த வெட்டு ஓர் அடையாளம் மட்டுமே. சேதம் கீழே, நம் காதுக்கு எட்டும் இடத்திலும் இருக்கும். இன்னொன்று, பழைய ஒலிப்பதிவுகளில் இயல்பாகவே மேல் அதிர்வெண்கள் குறைவு. அங்கே வண்ணம் மெல்ல மங்கும், வெட்டுப்பட்டு நிற்காது. படத்தை மட்டும் நம்பாமல் காதையும் கேளுங்கள்.

இப்போது என் வழக்கம் மாறிவிட்டது. புது இசைக்கலைஞர் யாராவது பிடித்துப்போனால், முதலில் ஸ்ட்ரீமிங்கில் இரண்டு மூன்று தடவை கேட்பேன். அப்புறமும் மனசு விடவில்லை என்றால், அவரே விற்கும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் மாதிரி தளங்களில் வாங்கினால் ஃபிளாக் வடிவத்திலேயே இறக்கலாம். ஃபிளாக்கும் சுருக்கும்தான். ஆனால் ஜிப் கோப்பு மாதிரி, பிரித்தால் ஒரு பிட்கூடக் குறையாமல் அசல் திரும்பி வரும். அதைப் பத்திரமாக வைத்துவிட்டு, போனுக்கு மட்டும் எம்பி3 பிரதி எடுத்துக்கொள்கிறேன். காசும் பாடினவருக்குப் போகிறது.

அழித்த பாட்டுகளில் சில இன்னும் கிடைக்கவில்லை. நீங்களும் பழைய சேமிப்பைப் 'புதுப்பிக்க' நினைத்தால், ஸ்பெக்கில் போட்டுப் பார்க்கும்வரை பழசில் கை வைக்காதீர்கள்.