வாகைக்குளத்தில் ஓடுபாதை நீண்டது

மந்தைவெளியிலிருந்து தூத்துக்குடிக்குப் போக எங்கள் வீட்டில் ஒரே வழிதான் இருந்தது: எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். சாயங்காலம் ஏறிப் படுத்தால் விடியற்காலை உப்புக்காற்று. விமானம் என்பது துறைமுகத்துக்கும் ஸ்பிக் உரத் தொழிற்சாலைக்கும் வந்துபோகும் அதிகாரிகளின் சமாச்சாரம். அந்த விமானமும் ஒழுங்காக ஓடியது என்று சொல்ல முடியாது. 1992இல் தூத்துக்குடி அருகே வாகைக்குளத்தில் விமான நிலையம் திறந்து வாயுதூத் பறந்தது, பிறகு நின்றுபோனது. 2006இல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தன.

பழைய முனையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழைந்து ஒருமுறை தலையைத் திருப்பினால் எல்லாம் முடிந்துவிடும். போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டர், சோதனை, நாற்காலிகள், எதிரே வெயிலில் நிற்கும் விமானம். வழியனுப்ப வந்தவர்கள் உடைமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, விமானம் மேலே கிளம்பும்வரை அங்கேயே நிற்பார்கள். கையில் மக்ரூன் பெட்டி இல்லாமல் ஏறியவர்கள் குறைவு. ஒருதடவை எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு அண்ணாச்சி. பெட்டியை மேலே வைக்கச் சொன்ன பணிப்பெண்ணிடம், “நொறுங்கிரும்மா, மடியிலேயே இருக்கட்டும்” என்று மன்றாடினார். அந்தப் பெண்ணும் விடவில்லை. கடைசியில் முன் இருக்கைக்கு அடியில் வைக்கலாம் என்று சமாதானம் ஆனது. சென்னை வரும்வரை அவர் காலை நீட்டவே இல்லை.

அன்றைய ஓடுபாதையின் நீளம் சுமார் 1,350 மீட்டர். ஏடிஆர் போன்ற காற்றாடி வைத்த சிறிய விமானங்களுக்கு அது போதும். ஏர்பஸ் ஏ320 மாதிரியான ஜெட் விமானம் அதில் இறங்க வழியில்லை. பெரிய துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளம், உரத் தொழிற்சாலை எல்லாம் வைத்திருந்த ஊருக்கு எழுபது, எண்பது பேர் உட்காரும் விமானமே உச்சவரம்பு. ஊரில் ஆளோ பணமோ இல்லாமல் இல்லை, தார் போட்ட நீளம்தான் போதவில்லை.

2025 ஜூலை 26 அன்று பிரதமர் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவு. 17,340 சதுர மீட்டர் பரப்பு. ஆண்டுக்கு 20 லட்சம் பேரைக் கையாளும் வசதி. ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 4இல், சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியிலேயே அடிக்கல் நாட்டியாகிவிட்டது. வருகிறவர்களின் முகம் மாறுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

போய்விட்டு வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடிச் சுவரையும் குளிர்ச்சியையும்தான் புகழ்கிறார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வெளியே இருக்கிறது: ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். ஏ321 வரை இறங்கலாம். விமானத்தின் கதவோடு போய் ஒட்டிக்கொள்ளும் ஏரோபிரிட்ஜும் வந்துவிட்டது. ஆனால் நான் போனது பழையபடி ஏடிஆரில்தான். அது உயரம் குறைந்த விமானம். பின்பக்கக் கதவு வழியாக ஏறுவது. ஏரோபிரிட்ஜுக்கும் அதற்கும் பொருத்தம் கிடையாது. அதனால் பளபளக்கும் முனையத்திலிருந்து வெளியே வந்து, அன்று மாதிரியே வெயிலில் நடந்தேன். கட்டடம் முன்னால் போய்விட்டது, விமானம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

மந்தைவெளிப் பக்கத்துக் கதை இதற்கு நேர்மாறு. முன்பு 21ஜி பேருந்தில் ஏறி கிண்டி தாண்டினால் மீனம்பாக்கம் விமான நிலையம். இப்போது மெட்ரோவுக்காகத் தோண்டியிருக்கும் ஆர்.கே. மடம் சாலையைக் கடக்கவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அத்தனை தோண்டலும் முடிந்து வரப்போகும் ரயிலும் சிறுசேரி பக்கம்தான் போகும், விமான நிலையத்துக்கு அல்ல. ஒன்றரை மணி நேரப் பறத்தலுக்கு முன்னால் தரையில் எவ்வளவு நேரம் என்பதை யாரும் டிக்கெட்டில் அச்சடிப்பதில்லை.

வாகைக்குளத்தின் இவ்வளவு நீளமான ஓடுபாதையைச் சென்னை விமானங்களுக்கே முழுசாகக் கொடுத்துவிடுவது வீண். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடியையும் கொழும்பையும் இணைக்கத்தான். சுங்கம், குடியேற்றச் சோதனை வசதிகளைச் செய்துகொடுத்து, கொழும்புக்கு ஒரு விமானம் விடச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும். வானவழியில் தூத்துக்குடிக்குச் சென்னை சுமார் 530 கிலோமீட்டர். கொழும்பு 300 கிலோமீட்டர்கூட இல்லை.