நள்ளிரவில் முனகும் தரை

யாழ்ப்பாணத்துச் சீமெந்துத் தரையிலே அறுபது ஆண்டுகள் ஓசையின்றி நடந்த என் அன்னை, ரொறன்ரோவிலுள்ள தம்பி வீட்டிற்குச் சென்றபின் இரவிலே கட்டிலைவிட்டு எழவே அஞ்சினார். கம்பளத்தின்மீது அடிவைத்தால் 'கிறீச்' என்னும் ஓசை. தொட்டிலிற் பேரன் விழித்துவிடுவான். தாகமெடுத்தாலும் விடியும்வரை காத்திருப்பாராம்.

குற்றம் அன்னையின் காலிலன்று; மரத்திலேயாம். அந்நாட்டு வீடுகளிலே தீராந்திகளின்மேற் பலகை பரப்பி, அதன்மேற் கம்பளம் விரிப்பர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் உள்ளே காற்று வறண்டு மரம் சுருங்குகின்றது. ஆணியின் பிடி தளர்கின்றது. மிதிக்குந்தோறும் பலகை ஆணியோடு உராய்ந்து முனகுகின்றது. யப்பானிலே, 1603ஆம் ஆண்டில் எழுந்த கியோட்டோ நிஜோ மாளிகையின் நடைக்கூடம் குருவிபோற் கீச்சிடுவதும் ஆணியும் இரும்புப் பிடியும் உராய்வதனாலேயே.

இதற்காகக் கம்பளத்தைக் கிளப்பவேண்டியதில்லை. ஒருவர் மேலே மெல்ல நடக்க, மற்றொருவர் கீழறையில் நின்று ஓசை எழும் இடத்தைக் குறித்துக்கொள்க. தீராந்திக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், பசை தடவிய மெல்லிய மர ஆப்பை அதிற் செருகுக. ஓங்கி அடித்தலாகாது, பலகை மேலெழுந்து ஓசை பெருகும். கீழ்ப்புறம் மூடப்பட்டிருந்தால், மேலே தட்டிப்பார்த்துத் தீராந்தியைக் கண்டறிந்து, கம்பள இழைகளை விலக்கி, இதற்கென விற்கப்படும் திருகாணியை அதனுள் இறக்கலாம். இறுகியபின் அதன் தலை முறிந்துவிடும். கம்பளத்தில் வடுத் தெரியாது. நீர்க்குழாயும் மின்கம்பியும் செல்லும் இடங்களை மட்டும் தவிர்த்துக்கொள்க.

தம்பி ஒரு ஞாயிறு மாலை மூன்று ஆப்புகளைச் செருகினான். அன்றிரவு அன்னை எழுந்து சென்று நீர் பருகினார், பேரன் புரளவுமில்லை. முதியோர் வாழும் வீட்டிலே இத்தகைய சிறு வேலையைப் பிற்போடலாகாது.