பொதுக் கணினித் தொகுதியில் பெருந்தரவுப் பணி

ஒரு கணினிக்கு அடங்காத கணக்கைப் பல கணினிகள் பகிர்ந்து செய்வதே கணினித் தொகுதி. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-இல் 144 கணினிகளைக் கோத்து, லினக்ஸில் இயங்கும் 'கப்ரு' என்னும் தொகுதியை அமைத்தது. இத்தகைய பகிர்வைப் பெருந்தரவுகளுக்கு எளிதாக்குவது, 2009-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் தோன்றிய 'ஸ்பார்க்' மென்பொருள்.

ஈப்போவைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டங்களை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். பெரட்டுக்களத்தில் ஆளுக்கொரு நிரை பகிரப்படும். எடுத்த பால் ஸ்டோரில் ஒன்றுசேரும். ஆயிரம் நூல்களில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறதென்று காண, ஸ்பார்க்கும் நூல்களைப் பகிர்ந்தளித்து எண்ணிக் கூட்டும். ஒரு கணினி பழுதுற்றால் அதன் நிரை மற்றொன்றுக்குப் போகும்.

இடர்ப்பாடு வேறிடத்தில் உளது. கட்டுப்படுத்தாவிடின் ஸ்பார்க், தோட்டம் முழுதும் தனதே என்பதுபோல், எட்டும் கணினிகளையெல்லாம் எடுத்துக்கொள்ளும். தொகுதியோ பலர்க்கு உரியது. அங்கே பெரட்டு நடத்துவது 'ஸ்லர்ம்' போன்ற பங்கீட்டு மென்பொருள். இத்தனை கணினி, இத்தனை நினைவகம், இத்தனை மணி நேரம் என்று அதனிடம் கேட்டு, வரிசையில் காத்திருந்து, கிடைத்த கணினிகளில் மட்டுமே ஸ்பார்க்கைத் தொடங்குதல் வேண்டும்.

காத்திருக்க மனமின்றி, அனைவரும் நுழையும் வாயிற் கணினியிலேயே வேலையை ஓட்டுவோரும் உளர். அதன் நினைவகம் நிரம்பினால் பிறர் உள்ளே வரவும் இயலாது; இதனை அறியாமை என்பதினும் அவசரம் என்பதே பொருந்தும். கேட்ட நேரம் கடந்ததும் ஸ்லர்ம் வேலையை நிறுத்திவிடும். இடைநிலை முடிவுகளைப் பொதுச் சேமிப்பகத்தில் எழுதி வைக்காதவர் முதலிலிருந்தே எண்ண வேண்டியதுதான்.