முழுத்தட்டும் கேட்கவேண்டும்

மேனாட்டு ராக் இசை என்றவுடன் நம்மவரில் பெரியவர்கள் பலர் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். கூச்சலும் குதிப்புமே அதன் இலக்கணம் என்பது அவர்கள் முடிவு. பிள்ளைகளோ அதனை மறுத்து வாதிடுவதில்லை. இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு பாட்டில் அரை நிமிடம், மற்றொன்றில் ஒரு நிமிடம் என்று தாவித் தாவிக் கேட்கின்றனர். கேளாமலே வெறுப்பவர் ஒரு சாரார். கேட்டும் முழுதும் கேளாதவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையே ஓர் அரிய இசைச்செல்வம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் தோய்ந்தவர்கள் என்ற உரிமையில், அதைப்பற்றி அன்பர்களோடு சிறிது உரையாட விரும்புகிறோம்.

நம் இலக்கணநூலார் செய்யுளைத் தனிநிலை என்றும் தொடர்நிலை என்றும் பிரித்தனர். தனிப்பாடலைத் தனியே எடுத்துச் சுவைக்கலாம். காப்பியத்தை அவ்வாறு செய்யலாகாது. ராக் இசையிலும் இவ்விரு வகை உண்டு. தொடர்நிலை வகைக்கு இடந்தந்தது நெடுநேர இசைத்தட்டு. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களே அடங்கும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் தட்டை வெளியிட்டபோது, ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் கிடைத்தது. ஆயினும் ஜனரஞ்சகப் பாடகர்கள் நெடுங்காலம் அதனைத் தனிப்பாட்டுகளைப் போட்டுவைக்கும் பெட்டியாகவே கருதினர்.

இந்நிலை 1967இல் மாறியது. பீட்டில்ஸ் குழுவினர் 'சார்ஜெண்ட் பெப்பர்' தட்டைப் பல இடங்களில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியின்றி அமைத்தனர். அதே ஆண்டில் மூடி புளூஸ் குழுவினர், விடியல் முதல் இரவு வரையுள்ள ஒரு நாளைப் பெரிய வாத்தியக் குழுவின் துணையோடு ஒரே தட்டில் பாடினர். தட்டு என்பது தொகுப்பன்று, ஒரு படைப்பு என்ற எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்றியது. அதிலிருந்து கிளைத்ததே புரோகிரசிவ் ராக் என்று பெயர் பெற்ற வகை. நீண்ட அமைப்பு, மாறிவரும் தாளம், மேனாட்டுச் சாஸ்திரிய இசையின் சாயல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இவ்வகையில் முதலிடம் பெறத்தக்கது, கிங் கிரிம்சன் குழுவினர் 1969 அக்டோபரில் வெளியிட்ட 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்'. அதன் முதற்பாட்டு இரும்புப் பட்டறையின் ஓசைபோலத் தாக்குகிறது; அடுத்த பாட்டு புல்லாங்குழலின் இழைவாய் வருடுகிறது. தட்டு முழுவதிலும் மெல்லோட்ரான் என்ற கருவியின் சோகம் படர்ந்திருக்கிறது. அக்கருவியின் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா உண்டு. கட்டையை அழுத்தினால் நாடாவில் பதிந்துள்ள வயலின்களோ குழல்களோ ஒலிக்கும். மேலட்டையில் அலறும் முகத்தைத் தீட்டிய பாரி காட்பர் என்ற இளைஞர், தட்டு வெளிவந்த சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், 24ஆம் வயதில் காலமானார். இரண்டாம் பக்கத்து 'மூன்சைல்ட்' பாட்டின் பின்பகுதி மட்டும் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்பது நம் கருத்து. அழகிய பாட்டு முடிந்தபின், வாத்தியக்காரர்கள் தம்முள் தாமே பேசிக்கொள்வதுபோல் பல நிமிடங்கள் கழிகின்றன. சபையை மறந்த கற்பனை எவ்வளவு உயர்ந்ததாயினும் கேட்பவனுக்குப் பாரமே.

நீளம் எப்போது நியாயமாகும் என்பதற்கு யெஸ் குழுவினரின் இரண்டு தட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டல் நன்று. 1972இல் வந்த 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. 18 நிமிடங்களுக்கு மேல் ஓடும். ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலே அதற்குத் தூண்டுதல். பறவைக் குரலோடும் நீரோசையோடும் தொடங்கும் அப்பாட்டு, சுழலில் அகப்பட்ட படகுபோல் அலைக்கழிந்து, நடுவில் அமைதியான ஒரு துறையை அடைகிறது. அங்கே லண்டன் தேவாலயம் ஒன்றில் ரிக் வேக்மன் வாசித்துப் பதிந்த பெரிய குழாய் ஆர்கன் எழுந்து முழங்குகிறது. பின்னர்ப் பாட்டு தொடங்கிய நீரோசைக்கே திரும்புகிறது. இதில் ஒரு நிமிடத்தை வெட்டினாலும் முழுமை குறையும். இந்த இசைவகையின் சிகரம் எதுவென்று எவரேனும் கேட்டால், தயங்காமல் இப்பாட்டையே சுட்டுவோம்.

அடுத்த ஆண்டு அதே குழுவினர் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டைத் தட்டை வெளியிட்டனர். நான்கு பக்கங்கள், நான்கே பாட்டுகள். இதன் கதை நம் நாட்டவருக்குச் சுவையானது. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தில் சாஸ்திரங்களின் வகையைக் கூறும் ஓர் அடிக்குறிப்பைப் பாடகர் ஜான் ஆண்டர்சன் படித்தார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நான்கையும் நான்கு பக்கங்களுக்கு அடிப்படையாக்கினார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் ஏறத்தாழ 80 நிமிடங்களை நிரப்புவதற்கு ஓர் அடிக்குறிப்பு போதவில்லை. முதற்பக்கமும் நான்காம் பக்கமும் சிறப்புடையன. நடுவிரண்டில் ஒரே கருத்தை நீட்டி நிரவியிருக்கின்றனர். இத்தட்டில் மனம் ஒன்றாத வேக்மன் 1974இல் குழுவை விட்டு விலகினார். நம் நாட்டுச் சாஸ்திரத்தின் பெயர் இருக்கிறது என்பதற்காக நாம் இதனை மெச்சிவிட இயலாது. பொருள் தன் வடிவைத் தானே தேடவேண்டும். நான்கு பக்கம் இருப்பதனால் நான்கு பொருள் வேண்டும் என்பது தலைகீழ் வழி.

இத்தகைய ஆடம்பரத்தை எள்ளவே பிறந்த ஒரு தட்டும் உண்டு. ஜெத்ரோ டல் குழுவின் 1971ஆம் ஆண்டுத் தட்டு 'அக்வாலங்'. அது ஒரே கருத்தைப் பற்றிய தொடர்படைப்பு என்று விமர்சகர்கள் எழுதினர். குழுத்தலைவர் இயன் ஆண்டர்சன் அதனை ஒப்பவில்லை. 'தொடர்படைப்புத்தானே வேண்டும்?' என்று கேட்பவர்போல், மறு ஆண்டில் இரு பக்கங்களையும் நிறைக்கும் ஒரே பாட்டாகத் 'திக் ஆஸ் எ பிரிக்' தட்டை அளித்தார். மேலட்டை முழு உள்ளூர்ச் செய்தித்தாளாகவே அச்சாகி இருந்தது. பாட்டை இயற்றியவன் எட்டு வயதுச் சிறுவன் என்று அதில் ஒரு புனைசெய்தி! வேடிக்கையாகத் தொடங்கிய அது, உண்மையிலேயே உயர்ந்த தொடர்படைப்பாக முடிந்தது. கிதாரும் புல்லாங்குழலும் தொடக்கத்தில் இசைத்த எளிய மெட்டு, நாற்பது நிமிடங்களுக்குப் பின் மீண்டும் வரும்போது, வெளியூரில் பழைய நண்பனைக் கண்டதுபோல் இருக்கிறது. நடுவில் தொடங்கிக் கேட்பவனுக்கு இந்த இன்பம் இல்லை.

உலகறிந்த தட்டு பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்'. 1973 மார்ச்சில் வந்த இது, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இடம்பெற்றது. காலம், பணம், மரணம், சித்தப்பிரமை என மனிதனை அலைக்கும் பொருள்களை இதயத்துடிப்பின் ஓசையில் தொடங்கி, அதே துடிப்பில் முடிக்கிறது. முதற்பக்க இறுதியில் கிளேர் டோரி என்ற பாடகி சொல்லே இன்றிக் குரலால் மட்டும் மரணத்தைப் பாடுகிறார். ஆலாபனை கேட்டுப் பழகியவருக்கு அதன் பொருளை எவரும் விளக்கவேண்டுவதில்லை. 'மணி' என்ற பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிச்ர சாபு அறிந்த நம் பெரியவர்கள் கைத்தாளம் போட்டுப் பார்க்கலாம். நடுவில் கிதார் தனியே பாயும்போது அது நான்காக மாறுவதையும் கவனித்தல் வேண்டும்.

ஆயினும் நம் மனம் அதே குழுவின் 1975ஆம் ஆண்டுத் தட்டான 'விஷ் யூ வேர் ஹியர்' பக்கமே சாய்கிறது. குழுவின் முதல் தலைவராக விளங்கிய சிட் பாரெட், மனநிலை சிதைந்து 1968இல் பிரிந்தார். அவரை எண்ணிப் பாடிய நெடும்பாட்டு ஒன்று ஒன்பது பகுதிகளாய், ஏறத்தாழ 26 நிமிடங்கள் ஓடும். அதனை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தட்டின் தொடக்கத்திலும் மறுபாதியை முடிவிலும் வைத்தனர். பிரிவைப் பற்றிய பாட்டே பிரிந்து நிற்கிறது! 1975 ஜூன் 5ஆம் நாள், தட்டு உருவாகிக்கொண்டிருந்த கூடத்திற்குத் தலையும் புருவமும் மழித்த, பருத்த ஒருவர் வந்தார். பழைய தோழர்களுக்கு முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை. அவரே பாரெட். ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களுக்கு இத்தட்டின் துயரம் மொழி கடந்து விளங்கும் என்று நம்புகிறோம். தாவித் தாவிக் கேட்பவர், இரு பாதிகளும் ஒரே பாட்டு என்பதைக்கூட அறியமாட்டார்.

நெடும்பாட்டு இருந்தால்தான் தட்டு முழுமை பெறும் என்பதில்லை. தனிப்பாட்டுகளாலேயே நிறைவெய்தியவையும் உள. 1971இல் லெட் ஸெப்பலின் குழுவினர் மேலட்டையில் தம் பெயரும் இன்றி வெளியிட்ட நான்காம் தட்டைக் கேளுங்கள். வன்மையும் மென்மையும் மாறிமாறி வந்து, இறுதியில் வெள்ளத்தைப் பற்றிய ஒரு பழைய புளூஸ் பாட்டில் முடிகிறது. ஜான் பானமின் டிரம்ஸை ஒரு பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேலிருந்து ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிந்தனர். அணை உடைவதுபோன்ற அம்முழக்கத்திற்கு அந்த இடமே பெருந்துணை. இத்தட்டிலுள்ள 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டை ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து நம் நாட்டு வாத்தியக்காரர்களோடு மீண்டும் பதிந்தனர் என்பதும், அப்பதிவு 2015இல்தான் முறையாக வெளிவந்தது என்பதும் பம்பாய்வாழ் அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும். டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' தட்டும் இவ்வரிசையில் வருவதே. ஸ்விட்சர்லாந்தில் அவர்கள் ஒலிப்பதிவு செய்யவிருந்த சூதாட்ட மாளிகை 1971 டிசம்பரில் எரிந்துபோக, குளிர்காலத்திற்கு மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் அமர்ந்து பதிந்தனர். அத்தீயே அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டிற்குப் பொருளாயிற்று.

நம்மவர் தொடர்பு ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. ராக் இசையின் வேகத்தை மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற தம் குழுவில் உச்சத்திற்குக் கொண்டுசென்றவர் ஆங்கிலக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின். பின்னர் அவர் மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு, வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் சக்தி குழுவை அமைத்தார். 1976இல் வந்த அதன் முதல் தட்டு ராக் அன்று, கச்சேரியும் அன்று. ஆனால் இரண்டையும் முழுதாகக் கேட்டு வளர்ந்த காதுகளே அதனைப் படைத்தன.

1976-77 ஆண்டுகளில் பங்க் இசை எழுந்து, நெடும்பாட்டுகளை ஏளனம் செய்தது. ஏளனத்தில் நியாயம் இல்லாமலில்லை. திறமையைக் காட்டுவதற்காகவே நீண்ட தட்டுகள் பல வந்துவிட்டிருந்தன. வேகமாக விரலோட்டுவது வித்தை. எங்கே நிறுத்துவது என்று அறிவதே கலை. எனினும் சில தட்டுகள் மிகையாயின என்பதற்காக முழுமை என்ற இலட்சியத்தையே கைவிடுதல் தகாது.

இன்று எல்லாத் தட்டுகளும் கைப்பேசியில் கிடைக்கின்றன. பழைய தட்டுக்காகப் பட்டணத்து நடைபாதைக் கடைகளில் புழுதி தட்டி அலைந்த நமக்கு இது பெருவரமே. ஆனால் எளிதில் கிடைப்பதனால் பொறுமையோடு கேட்பது அரிதாயிற்று. ஒரே வீட்டில் ஆளுக்கொரு தீவாய், காதை அடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். தாய்மொழியைக் கூட முயன்று காக்கவேண்டிய வெளியூர் வாழ்வில், ஒருவர் ரசிப்பதை மற்றவர் அறியாதிருப்பது சிறிய இழப்பன்று.

ஆகவே அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. ஞாயிறு மாலை ஒன்றில் பிள்ளைகளை அருகழைத்து, ஒரு தட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை, இடையே பேசாமல் கேளுங்கள். நாற்பது நிமிடங்களே ஆகும். பிடிக்கவில்லையாயின் அதன்பின் தாராளமாகக் குறை கூறுங்கள். முழுதும் கேட்டவர் கூறும் குறையைப் பிள்ளைகளும் மதிப்பர். அடுத்த ஞாயிறு ஒரு ராகம் தானம் பல்லவியை அவர்கள் அதேபோல் முழுதும் கேட்கட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரு தரப்பாருக்கும் நட்டமில்லை.