ஆறு துண்டுக்கு ஓர் இரவு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உடன் வேலை செய்பவர் பார்பெக்யூ போட்டிக்கென்று ஒரு வார இறுதிக்கே ஆயிரம் டாலருக்கு மேல் செலவழிக்கிறாராம். பரிசு வாங்கினாலும் கைநஷ்டம்தானாம். ‘அப்படி என்ன சார் இருக்கு அதுல?’ என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். நுழைவுக் கட்டணமே சில நூறு டாலர். கான்சாஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டியின் விதிப்படி கோழி, பன்றி விலா, பன்றிக்கறி, ‘பிரிஸ்கெட்’ எனும் மாட்டு நெஞ்சுக்கறி என நான்கும் சமைக்க வேண்டும். காஸ் அடுப்பு கூடாது, விறகும் கரியும்தான். நெஞ்சுக்கறியின் கெட்டி நார் குழைய, 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகும். வெள்ளிக்கிழமை இரவுத் தூக்கம் போயிற்று.

மறுநாள் ஒவ்வொரு கறியும் ஆளுக்கொரு துண்டாக ஒரு பெட்டியில் நடுவர்கள் ஆறு பேர் முன் போகும். தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் 2 முதல் 9 வரை மதிப்பெண். யார் சமைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்த கூத்து கோழித்தோல். புகையில் வெந்த தோல் ரப்பராகிவிடும். நடுவர் கடித்தால் முழுசாக உரிந்து வரும், மதிப்பெண்ணும் கூடவே போகும். அதனால் தொடைத்துண்டின் தோலை முதலில் உரித்தெடுக்கிறார்கள். பலகையில் கவிழ்த்து, உட்புறக் கொழுப்பைக் கத்தியால் கண்ணாடி போல ஆகும்வரை வழிக்கிறார்கள். கொஞ்சம் அழுத்தினால் கிழிந்துவிடும். பிறகு கறியை ஒரே அளவாகச் செதுக்கி, அதே தோலைப் போர்த்துகிறார்கள். எங்கள் தெருக் கறிக்கடை பாய் ஆட்டுக்காலைத் தீயில் வாட்டிச் சுரண்டும்போதுகூட இத்தனை பொறுமை காட்டியதில்லை!

ஆனால் அந்த இரவில் சுகமும் உண்டு. பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர் எதிராளிதான்; இருந்தாலும் கரி தீர்ந்தால் கொடுப்பார், விடியும்வரை கதையும் பேசுவார்.

என் மனத்தாங்கல் வேறு. அமெரிக்கத் தெற்கில், அடிமைப்பட்டிருந்த கறுப்பினச் சமையல்காரர்கள் குழிவெட்டி, முழு விலங்கை வாட்டி, கூட்டத்துக்கே படைத்து வளர்த்த கலை இது. அது இன்று ஆறு பேர் கடித்துப் பார்க்கும் பெட்டிக்குள் சுருங்கலாமா? ஆறேழு கிலோ நெஞ்சுக்கறியில் பெட்டிக்குப் போவது சில துண்டுகள்தான். மிச்சம் குப்பைக்குப் போனால் அது பாவம்.

ஆனால் இதே வித்தை கூட்டத்துக்குப் படைக்கவும் திரும்பியதுண்டு. 2011-இல் மிசோரியின் ஜாப்ளின் நகரைச் சுழற்காற்று சூறையாடியபோது, போட்டிக்காரர்கள் சிலர் அடுப்புகளோடு அங்கே போய் நின்றார்கள். ஆபரேஷன் பிபிக்யூ ரிலீஃப் என்ற அமைப்பு பிறந்தது அப்படித்தான். இன்றும் பேரிடர் நடந்த ஊர்களில் சமைத்துப் போடுகிறது. வாசகரே, உங்கள் நண்பரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். செலவழித்துக் கற்ற வித்தைக்கு அதைவிட நல்ல வரவு கிடையாது.