வாசல் வழியே வந்த ஆபத்து

1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடம் சுமந்து சென்ற சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, இரண்டே மாதத்தில் பார்வை மங்கத் தொடங்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய கருவி அது. செப்டம்பரில் சோதித்தபோது, முக்கியக் கேமராவின் 10 சிசிடி சில்லுகளில் 8 தரம் கெட்டிருந்தன.

பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளை ஒவ்வொரு சுற்றிலும் சந்திரா கடந்தாக வேண்டும். ஆற்றல் மிகுந்த துகள்களைத் தடுக்கக் கேமராவைச் சுற்றிக் கவசம் இருந்தது. கெடுத்தவையோ ஆற்றல் குறைந்த புரோட்டான்கள். அவை சுவரைத் துளைக்கவில்லை. எக்ஸ் கதிர் நுழையும் வாசல் வழியாகவே வந்தன. நேராக மோதினால் எக்ஸ் கதிர் கண்ணாடிக்குள் புதைந்துவிடும். எனவே மேற்பரப்பை உரசிச் செல்லவிட்டுத்தான் அதைக் குவிக்கிறார்கள். புரோட்டான்களும் அப்படியே உரசிக்கொண்டு வந்து சில்லுகளில் இறங்கின.

காங்கிரீட் போடும் நாளில் கலவைச் சட்டிகள் கைமாறுவதுபோல, சிசிடியில் எக்ஸ் கதிர் விடுவிக்கும் எலக்ட்ரான்கள் புள்ளிக்குப் புள்ளி கைமாறி விளிம்புக்கு வந்து எண்ணப்படுகின்றன. புரோட்டான் பட்ட சிலிக்கானில் சில எலக்ட்ரான்கள் வழியில் சிக்கிக்கொள்ளும். எண்ணிக்கை குறைந்தால், வந்த கதிரின் ஆற்றலைச் சரியாக மதிப்பிட முடியாது. எலக்ட்ரான் செல்லும் தடம் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்த சில்லுகளே கெட்டன. திருப்பிப் பொருத்தப்பட்டிருந்த இரண்டும் தப்பின.

தீர்வு எளிது: பட்டைகளைக் கடக்கும்போது கேமராவைக் குவிமையத்திலிருந்து நகர்த்திவிடுவது. சில்லுகளை மைனஸ் 120 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்ததில் பாதிப்பும் ஓரளவு குறைந்தது.

அதே வாசலில் தூசியும் நுழையும். ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி 2005 மார்ச்சில் நுண் விண்கல் தாக்கி ஒரு சிசிடியையே இழந்தது. குழாய் உறை இல்லாமல் திறந்து நிற்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 கண்ணாடிகளில் ஒன்றில், 2022 மே மாதம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய அடி விழுந்தது. அதன்பின், அது பயணிக்கும் திசைக்கு முகம்காட்டிப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். எதிர்கொண்டு மோதும் தூசிதான் வேகம் மிக்கது.

ஒளிக்குத் திறந்த வாசலை மற்றவற்றுக்கு மட்டும் முழுதாக அடைக்க வழியில்லை. எப்போது, எந்தத் திசையில் பார்க்கக் கூடாது என்ற கணக்கே அங்கே கவசம். 5 ஆண்டுகளுக்கென அனுப்பிய சந்திரா 25 ஆண்டுகளைத் தாண்டி உழைத்ததில் அந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.